லினக்ஸ்ல ஒரு கருவிக்கு எந்த டிரைவர் (கருவியை இயக்குற மென்பொருள்) ஓடுதுன்னு கண்டுபிடிச்ச அனுபவம், சொல்லுங்க

நீடாமங்கலத்தான்:
குறுவை அறுப்பு சமயம். ரைஸ்மில் வாசல்ல நெல்லு டிராக்டர் வரிசை கட்டி நிக்குது, எடைமேடையிலேர்ந்து கம்ப்யூட்டருக்கு எடை வரலை. எடைமேடையை யுஎஸ்பில இணைக்கிற அதே சிஎச்340 சிப் கேபிள்தான். மாறினது உபுண்டு 22.04ங்கிற லினக்ஸ் பதிப்பு மட்டும். எல்எஸ்யுஎஸ்பி (யுஎஸ்பி கருவிகளைப் பட்டியல் போடுற கட்டளை) போட்டா சிப்போட எண் 1ஏ86:7523ன்னு தெரியுது, எடையைப் படிக்க வேண்டிய போர்ட்டான டிடிஒய்யுஎஸ்பி0 மட்டும் இல்லை. கேபிளை மாத்துன்னு ஆளாளுக்குச் சொல்றாங்க.

கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) எழுதுற செய்தியை உடனுக்குடனே காட்டுற டிமெசெக் -டபிள்யூவை ஓட விட்டுட்டு கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். இந்தச் சிப்போட டிரைவரான சிஎச்341 ஒட்டிக்கிச்சுன்னு ஒரு வரி. அடுத்ததா, பிஆர்எல்டிடிஒய் உள்ள வந்து கை வைக்குதுன்னு ஒரு வரி. உடனே தொடர்பு அறுந்துச்சுன்னு இன்னொண்ணு. பிஆர்எல்டிடிஒய், பார்வையற்றவங்களோட பிரெய்ல் கருவிக்கான புரோகிராம். சில பிரெய்ல் கருவியிலயும் இதே சிப், இதே எண். அதை நீக்கினதும் எடை வந்துருச்சு. டிரைவர் சரியாத்தான் இருந்திருக்கு, நடுவுல பிடுங்கினது வேற ஆளு! கேபிள் கேபிள்னு சொன்னவங்களை நினைச்சா இன்னும் ஆறலை.

குடந்தைப் பொண்ணு:
எனக்கு வைஃபை. பிராட்காம் சிப். கெர்னல் அப்டேட் ஆனதும் நெட் போச்சு, தங்கச்சிக்கு கவுன்சலிங்ல காலேஜ் சாய்ஸ் போட அன்னிக்குத்தான் கடைசி நாள். போர்டுல இருக்கிற பிசிஐ கார்டுகளையும் அதோட டிரைவரையும் காட்டுற எல்எஸ்பிசிஐ -என்என்கே அடிச்சேன். ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்: டபிள்யூஎல்’னு இருக்க வேண்டிய வரியே காணோம். புது கெர்னலுக்கு ஹெடர்ஸ் (டிரைவர் கட்டத் தேவையான கோப்புகள்) இல்லாததால, கெர்னல் மாறும்போது டிரைவரைத் திரும்பக் கட்டுற டிகேஎம்எஸ், பிராட்காம் டிரைவரான டபிள்யூஎல்லை கட்டவே இல்லை. போன்லேர்ந்து யுஎஸ்பி டெதரிங் போட்டு ஹெடர்ஸை இறக்கினேன், வந்துருச்சு. எந்தக் கருவியா இருந்தாலும் இந்த ஒரு கட்டளை போதும்.

திருவாரூர் சர்வீஸ்:
போதாதும்மா. எல்எஸ்பிசிஐ பிசிஐ கார்டுக்கு மட்டும்தான், நீடாமங்கலம் அண்ணனோட கேபிள் அதுல வரவே வராது. யுஎஸ்பின்னா எல்எஸ்யுஎஸ்பி -டி, ஒவ்வொரு கிளையிலயும் ‘டிரைவர்=’னு காட்டும். நெட்வொர்க்குன்னா ஈத்டூல் -ஐ போட்டு இன்டர்ஃபேஸ் பேரைக் குடுங்க, முதல் வரியே டிரைவர் பேர். எதுவும் இன்ஸ்டால் பண்ண முடியலைன்னா சிஸ் கோப்புறையில கிளாஸ், நெட், இன்டர்ஃபேஸ் பேர், டிவைஸ்னு உள்ள போனா டிரைவர்னு ஒரு சுட்டி இருக்கும், அது எங்க போகுதுன்னு ரீட்லிங்க்ல பாருங்க. பேர் கிடைச்சதும் மோட்இன்ஃபோ போடுங்க, டிரைவரோட விவரம் வரும். கோப்பு இருக்கிற பாதையில டிகேஎம்எஸ்னு இருந்தா, கெர்னலோட வந்ததில்லை, தனியா கட்டினது. இதைப் பார்க்காம யாரும் ரீஇன்ஸ்டால் பண்ணாதீங்க, தயவுசெஞ்சு.

என் கதை சின்னது. ஒரு பிரவுசிங் சென்டர்ல ரியல்டெக் 8168 சிப்புக்கு ஆர்8169னு காட்டுது, தப்பான டிரைவர்னு ஒரே சண்டை. தப்பில்லை, கெர்னல்ல அந்த ஒரே டிரைவர்தான் 8168, 8169 ரெண்டு சிப்பையும் பார்த்துக்குது.

அண்ணே, பிஆர்எல்டிடிஒய்யை அடியோட நீக்கச் சொல்லாதீங்க. அதை நம்பி உட்கார்ந்திருக்கிறவங்க இருக்காங்க. யூடெவ் விதியில (கருவி சொருகினதும் என்ன பண்ணணும்னு சொல்ற கோப்பு) அந்த 7523 வரியை மட்டும் எடுத்தா போதும்.

நீடாமங்கலத்தான்:
பில் போடுற மெஷின் தம்பி அது, அங்க யாருக்கும் தேவைப்படலை. பொதுவுல ஒரு மெஷின்னா நீங்க சொல்றதுதான் முறை.

குடந்தைப் பொண்ணு:
அண்ணா, எல்எஸ்யுஎஸ்பி -டில ‘டிரைவர்=’ காலியா வந்தா?

திருவாரூர் சர்வீஸ்:
எதுவும் ஒட்டலைன்னு அர்த்தம். எல்எஸ்யுஎஸ்பில வர்ற எண்ணை இங்க போடுங்க, பார்ப்போம்.