மறுமொழி: எக்ஸ்டென்ஷன் டியூப் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். மிக அருகில் இருப்பதைப் பெரிதாகப் படமெடுக்க கேமராவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூபுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> நீட்டிப்புக் குழாய் என்றே வைத்துவிடலாமே. யாருக்கும் புரியும்.

மன்னிக்கவும் ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. குழாய் என்றால் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் போர்செட்தான் நினைவுக்கு வரும், அது போகட்டும். 'நீட்டிப்பு'தான் உறுத்துகிறது. உலாவியில் சேர்க்கும் எக்ஸ்டென்ஷனுக்கு நீட்டிப்பு, நீட்சி என்று இரண்டையும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் பெயரைக் கேட்பவர் தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும் ஏதோ ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்வார். இந்தச் சாமான் செய்வது நேர்மாறு. இதை மாட்டிவிட்டால் எதிர் வரப்பில் நிற்கும் கொக்கைக்கூடத் தெளிவாக எடுக்க முடியாது. லென்ஸின் மூக்குக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் விழும்.

பொருளை ஒருமுறை பார்த்துக்கொண்டு பெயருக்கு வருவோம். உள்ளே கண்ணாடியே கிடையாது. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்று உலோகக் குழல். லென்ஸைப் படச்சுருளிலிருந்து தள்ளி வைக்கிறது, வேலை அவ்வளவுதான். ஸெனிட், பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் போன்ற லென்ஸைத் திருகி மாட்டும் எம்42 வகைப் பழைய கேமராக்களுக்கு 7, 14, 28 மி.மீ. என்று மூன்று சேர்ந்த செட்டாகக் கிடைக்கும். கணக்கு எளிது: குழலின் நீளத்தைக் குவியத் தொலைவால் (லென்ஸின் மேல் 58 மி.மீ. என்பது போல எழுதியிருக்கும் எண்) வகுத்தால், கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம், அதாவது பொருளின் அளவில் எத்தனை பங்கு படச்சுருளில் விழுகிறது என்பது, வந்துவிடும். ஹீலியோஸ் 58 மி.மீ. லென்ஸில் 28 மி.மீ. குழலைப் போட்டால் ஏறக்குறைய பாதி. மூன்றையும் போட்டால் 49 மி.மீ., அதாவது 0.84.

மிக அருகில் எடுப்பதற்கென்றே செய்த மேக்ரோ லென்ஸே இருக்கும்போது இது எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் காலத்து மேக்ரோ லென்ஸ்கள் பலவும் பாதி அளவோடு நின்றுவிடும். நிக்கானின் 55 மி.மீ. மைக்ரோ-நிக்கோர் எஃப் 2.8 தானாக 0.5 வரைதான் போகும். அதற்கென்றே பிகே-13 என்று 27.5 மி.மீ. குழல் ஒன்று உண்டு. 27.5ஐ 55ஆல் வகுத்துப் பாருங்கள், மீதிப் பாதி அங்கே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால், பொருள் என்ன அளவோ அதே அளவில் படச்சுருளில் விழும்.

முழு அளவு என்றால் என்னவென்று வயலில் இறங்கினால்தான் தெரியும். சம்பா பூக்கும் நாட்களில், காலை வெயில் ஏறியதும் உமி இரண்டாகப் பிளந்து மகரந்தப் பைகள் வெளியே வந்து தொங்கும். அந்த ஒற்றை நெல், 36 மி.மீ. அகலச் சட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கைப் பிடித்துக்கொள்ளும். லென்ஸின் ஒளித் துவாரத்தை எஃப் 8இல் வைத்தால் (எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்) தெளிவாக இருக்கும் ஆழம் எல்லாம் சேர்த்து ஒரு மில்லிமீட்டர்தான். காற்றில் கதிர் ஆடும் ஆட்டமோ அதைவிடப் பல மடங்கு. வெளிச்சமும் குறைந்துவிடும். உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி வர்க்கப்படுத்தினால், எத்தனை மடங்கு ஒளி வேண்டும் என்று வரும். முழு அளவுக்கு நான்கு மடங்கு, அதாவது இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு). நல்ல வெயிலில் 100 ஐஎஸ்ஓ ஒளியுணர்வுள்ள சுருளுக்கு எஃப் 16, 1/125 நொடி என்று இருந்தது இங்கே 1/30 ஆகிவிடும். 1/30இல் ஆடும் கதிரை எடுப்பவர் எடுக்கட்டும், நான் 1/125ஐ விடாமல் எஃப் 8க்குப் போய்விடுவேன். ஸ்பாட்மேட்டிக் லென்ஸ் வழியாகவே ஒளியை அளப்பதால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ஸெனிட்-ஈக்கு ஒளியளக்கும் மீட்டர் வெளியே நெற்றியில் இருக்கிறது. குழல் மாட்டியிருப்பது அதற்குத் தெரியாது, நாம்தான் போட வேண்டும்.

சரி, பெயர். ஜெர்மன்காரர்கள் இதை ட்ஸ்விஷென்ரிங் என்கிறார்கள், இடையில் வரும் வளையம். என்ன செய்கிறது என்பதை விட்டுவிட்டு எங்கே உட்காருகிறது என்பதைச் சொல்கிற பெயர். எனக்கு இந்த வழி பிடித்திருக்கிறது. யாழ்ப்பாண நண்பர் தந்த 'இடைவளையம்' இதையே ஒட்டி வருகிறது. ஆனால் வளையத்தை நான் தட்டையான சாமான்களுக்கு ஒதுக்கி வைப்பேன்: லென்ஸைத் தலைகீழாக மாட்டத் திருப்பு வளையம், வேறு கேமராவின் லென்ஸை மாட்ட மாற்று வளையம். 28 மி.மீ. உயரத்துக்கு நிற்பதை வளையம் என்றால் வாங்கிப் பார்ப்பவர் சிரிப்பார்.

ஆகவே என் வாக்கு இடைக்குழலுக்கு. பக்கத்துச் சாமான்களுக்கும் சேர்த்தே பெயர் கிடைத்துவிடுகிறது என்பது இதில் இன்னொரு லாபம். லென்ஸின் குவியத் தொலைவைக் கூட்டித் தூரத்தை இழுக்கும் டெலிகன்வர்ட்டரும் இதே இடத்தில்தான் மாட்டுகிறது, ஆனால் உள்ளே கண்ணாடி உண்டு, எனவே இடைவில்லை. மடிந்து நீளும் பெல்லோஸ், இடைத்துருத்தி. ஃபில்டரைப் போல முன்பக்கம் திருகும் குளோசப் லென்ஸ், முன்வில்லை. பெயரைப் பார்த்ததுமே எங்கே மாட்டுவது, கண்ணாடி உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு இது சின்ன உதவியில்லை. டியூப் கேட்டால் டெலிகன்வர்ட்டரைத் தலையில் கட்டும் கடைகள் இருக்கின்றன.

லென்ஸின் வெளிக்கூட்டையும் குழல் என்கிறோமே என்ற மறுப்பு வந்தது. அதற்குத்தான் 'இடை' முன்னால் நிற்கிறது, குழப்பம் வராது.

'கெண்டை' என்று ஒருவர் விளையாட்டாக எழுதியிருந்தார். நாகஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டைப் பக்கத்துக்காரராக இருக்க வேண்டும். நாகஸ்வரத்தில் ஊதும் சீவாளிக்கும் மர உடலுக்கும் நடுவே செருகும் சின்ன உலோகக் குழல்தான் கெண்டை. பொருத்தம் அபாரம், மறுக்கவில்லை. ஆனால் கெண்டை என்றால் டெல்டாவிலேயே பாதிப் பேர் மீன் குழம்புக்குப் போய்விடுவார்கள். (நாகஸ்வரமா நாதஸ்வரமா என்ற சண்டையை இந்த இழையில் யாரும் தொடங்காதீர்கள், கும்பிடுகிறேன்.)

மேக்ரோ லென்ஸுக்குத் தனி இழை வேண்டும். 'நுண்' மட்டும் வேண்டாம், அது நுண்ணோக்கியோடு போய்விட்டது. நிக்கான் மைக்ரோ என்று வைத்தது அவர்கள் பாடு. அண்மை வில்லை என்று இப்போதைக்கு நான் எழுதி வருகிறேன்.

மறுப்பு இல்லையென்றால் இடைக்குழல், இடைவில்லை இரண்டையும் இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றிவிடலாம். இடைத்துருத்திக்குக் கொஞ்சம் பொறுப்போம், துருத்தி ஒன்றே போதாதா என்று கேட்பவர்கள் வருவார்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.