புதுப்பிக்கப்பட்ட ஜாகுவார் ஈ-டைப்: அசல்தன்மையை எப்படி உறுதிசெய்வது?

கேள்வி:
1966ஆம் ஆண்டின் ஜாகுவார் ஈ-டைப் 4.2 (4.2 லிட்டர் எஞ்சின்), திறந்த கூரை வண்டி ஒன்று விற்பனைக்கு வந்துள்ளது. முழுவதும் பிரித்துப் புதுப்பித்ததாகவும், எஞ்சின், கியர்பாக்ஸ், சேசிஸ் எண்கள் அனைத்தும் ஒத்துப்போவதாகவும் விற்பவர் சொல்கிறார். நேரில் பார்த்தேன், பெயின்டில் குறை சொல்ல இடமில்லை, எஞ்சினும் சீராக ஓடுகிறது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து வந்தது எது, பிற்பாடு சேர்த்தது எது என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. அசல் வண்டிக்குரிய விலையைத்தான் அவர் கேட்கிறார். முன்பணம் கொடுக்கும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

பதில் 1:
எண்கள் எதோடு ஒத்துப்போகின்றன என்று முதலில் கேளுங்கள். வண்டியிலுள்ள அடையாளத் தகட்டோடு மட்டும் என்றால் அதற்கு மதிப்பில்லை. அந்தத் தகடு புதிதாகவே கிடைக்கும், வேண்டிய எண்ணை அதில் அடித்துக்கொள்ளலாம். ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துத் தரும் சான்றிதழில் சேசிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ், பாடி எண்களோடு முதல் நிறமும் தயாரிப்புத் தேதியும் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு உலோகத்தைப் பாருங்கள். எஞ்சின் எண் பிளாக்கில் ஆயில் ஃபில்டருக்கு மேலேயும், சிலிண்டர் ஹெட்டின் முன்பகுதியிலும் இருக்க வேண்டும். அந்த எண்ணின் கடைசியில் வரும் 8 அல்லது 9 கம்ப்ரெஷன் விகிதத்தை (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை) குறிப்பது. ஹெட்டில் மட்டும் வேறு எண் இருந்தால் பதற வேண்டாம், அது பழுதுக்காக மாற்றப்பட்டிருக்கலாம்.

சான்றிதழ் என்பது 1966இல் என்ன வெளியே போனது என்பதற்கே சாட்சி. உங்கள் முன் நிற்பது அதே வண்டிதான் என்பதற்கு அல்ல.

பதில் 2:
மேலே நண்பர் சொன்னதோடு, சேசிஸ் எண் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈ-டைப்பில் அந்த எண் இருப்பது பாடியில் அல்ல, முன்பக்கக் குழாய்ச் சட்டத்தின் குறுக்குக் கம்பியில், வலப்பக்க டாம்பர் (ஷாக் அப்சார்பர்) பொருத்தும் இடத்துக்கு மேலே. அந்தச் சட்டம் போல்ட்டால் பூட்டப்படுவது; துருப்பிடித்தால் புதிய சட்டத்தைப் பூட்டி எண்ணை மறுபடி அடிப்பது வழக்கம். ஆகவே எழுத்துகளின் ஆழமும் இடைவெளியும் ஒரே சீராக உள்ளனவா, சுற்றிலும் கிரைண்டர் தேய்த்த தடம் தெரிகிறதா என்று சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணே ஒரு செய்தி சொல்லும். இந்த வண்டி சேர்ந்த 4.2 முதல் வரிசையில் (சீரிஸ் 1) இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட திறந்த வண்டிகள் 1ஈ10001இலும், மூடிய கூபே 1ஈ30001இலும் தொடங்குகின்றன. வலப்பக்க ஸ்டியரிங்குக்கு முறையே 1ஈ1001, 1ஈ20001. கூபே எண் தாங்கிய வண்டி இன்று திறந்த கூரையோடு நின்றால் யாரோ கூரையை வெட்டியிருக்கிறார்கள் என்று பொருள். திறந்த வண்டிக்கு விலை அதிகம் என்பதால் இப்படி மாற்றுவது நடக்கிறது.

பதில் 3:
மற்றவர்கள் எண்களைப் பற்றிச் சொன்னார்கள், நான் பாடியைப் பற்றிச் சொல்கிறேன். இந்த மோனோகாக் பாடியில் (தனிச் சட்டமின்றி உடற்கூடே பாரம் தாங்கும் அமைப்பு) தரையும் ஓரச் சட்டங்களும் துருப்பிடிப்பது இயல்பு. அவற்றை வெட்டிப் புதுத் தகடு வைத்ததற்காக ஒரு வண்டியைத் தள்ளிவிடுவது நியாயமல்ல. அந்த வேலை மறைக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேள்வி. பெயின்ட் கனம் அளக்கும் கருவி எங்கே பட்டி பூசப்பட்டிருக்கிறது என்று காட்டும், உள்ளே எவ்வளவு பழைய தகடு மிஞ்சியது என்று காட்டாது. டிங்கரிங் நடந்தபோது எடுத்த படங்கள்தான் அதைச் சொல்லும்: பெயின்ட் உரித்த வெற்றுப் பாடி, வெட்டிய பகுதிகள், வெல்டிங் முடிந்த நிலை, முன்பக்கக் குழாய்ச் சட்டத்திலிருந்த பழைய எண். இத்தனை செலவு செய்தவரிடம் அவை இல்லாமல் போவது அரிது. கேட்டும் தராவிட்டால், நன்கு புதுப்பித்த வண்டிக்குரிய விலையை மட்டும் சொல்லுங்கள், அசல் வண்டியின் விலையை அல்ல.