புதுப்பிப்பு: கைத்துப்பாக்கியில் ஆலையே பொருத்தித் தரும் டிரிகர், கிளாக்கா வால்தரா?

கிளாக் 17, வால்தர் பிடிபி என்ற இரு கைத்துப்பாக்கிகளில் எதன் டிரிகர் (சுடும் விசை) மேல் என்ற என் பழைய கேள்விக்கு விடை: பிடிபி. டிரிகரை இழுக்கத் தேவையான எடையை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், இரண்டுமே 5.5 பவுண்டை ஒட்டித்தான். பிடிபியில் தளர்வு (டிரிகர் லேசாக நகரும் முதல் பகுதி) முடிந்ததும் விரல் சுவரில் (தடை தொடங்கும் இடத்தில்) முட்டி, சட்டென்று விடுபடும். கிளாக்கில் அந்தச் சுவர் ரப்பர்போல் கொஞ்சம் நகரும்.

கடையில் பார்க்கும்போது மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பகுதியை) பின்னே பூட்டி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, பாதுகாப்பான திசையில் டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்துவிடுங்கள். விரலை மெல்லத் தளர்த்தினால் ‘டிக்’ என்று கேட்கும், அதுதான் ரீசெட், அதாவது டிரிகர் அடுத்த சுடுதலுக்குத் தயாராகும் இடம்.

டிரிகர் எடையை அளப்பதானால், அளவியை டிரிகரின் நடுவில் மாட்டுங்கள். நுனியில் மாட்டினால் நெம்புகோல் நீண்டு எடை குறைத்துக் காட்டும்.

எடையைக் குறைக்க ஸ்ட்ரைக்கர் (தோட்டாவை அடிக்கும் ஊசி) ஸ்பிரிங்கை மட்டும் மெலிதாக்க வேண்டாம். கடினமான பிரைமர் (தோட்டாவின் பின்புறம் அடிபட்டுத் தீ மூட்டும் சிறு மூடி) வெடிக்காமல் போகலாம்.