வீட்டிலேயே படிக்கும் பிள்ளையை அரசு வந்து பார்க்கணுமா?

கோவை அம்மா:
என் மகனுக்கு 9 வயசு. ரெண்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தி, ஒன்றரை வருஷமா வீட்டில்தான் படிக்கிறான். 'ப'வும் 'ய'வும் அவன் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். அதுக்குப் பள்ளியில் கிடைச்சது கடைசி பெஞ்சு. இப்போ தட்டில் அரிசி மாவைப் பரப்பி விரலால் எழுதறோம். போன வாரம் பஸ் போர்டைப் பார்த்து 'உக்கடம்'னு தானாகவே வாசிச்சான். வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பதிவு பண்ணணும், அதிகாரி வந்து பார்க்கணும்னு நேத்து இங்கே ஒருத்தர் எழுதியிருந்தார். அவனைக் கைவிட்ட இடத்திலேயே போய் நான் அனுமதி கேட்கணுமா?

கரிசல் வாத்தியார்:
எழுதினது நான்தாம்மா. 22 வருஷமா அரசுப் பள்ளியில் இருக்கேன். பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்குப் போனப்போ ஒரு வீட்டில், "பொண்ணு வீட்லயே படிக்கா சார்"னு சொன்னாங்க. பிள்ளை கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் பட்டாசு மருந்து வெள்ளியாட்டம் ஒட்டியிருந்தது. நீங்க சொல்ற அதே பதில்தான் அங்கேயும். வாசலில் நிக்கிற எனக்கு ரெண்டு வீட்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? 6 முதல் 14 வயசு வரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமைன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 10வது பிரிவு சொல்லுது.

வழக்காடி:
சார், பாதியில் நிறுத்திட்டீங்க. அந்தக் கடமையை மீறினால் பெற்றோருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை கிடையாது. 'கட்டாயம்' யாருக்குன்னு 8வது பிரிவைப் படிங்க: இடம் கொடுத்து, பிள்ளை வருவதையும் படிப்பை முடிப்பதையும் உறுதி செய்ய வேண்டியது அரசு. 2002இல் 86வது திருத்தம் அரசியலமைப்பின் 51ஏ பிரிவில் சேர்த்த வரியும் பெற்றோர் 'கல்வி வாய்ப்பு' தரணும்னுதான் சொல்லுது. பள்ளின்னு சொல்லலை. ஜெர்மனியில் 2013இல் வீட்டில் படிச்ச 4 பிள்ளைகளைப் போலீஸோடு வந்து கூட்டிட்டுப் போய் 3 வாரம் பிரிச்சு வெச்சாங்க. 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் அதில் தப்பில்லைன்னு சொல்லிடுச்சு. வீட்டுக்குள் வர அரசுக்கு வழி விட்டா எங்கே போய் முடியும்னு யோசிங்க.

கரிசல் வாத்தியார்:
ஜெர்மனியில் வீட்டுக்கல்விக்கே இடமில்லை. நான் தடை கேட்கலையே! கலிபோர்னியாவைப் பாருங்க. 2018இல் பெரிஸ் என்ற ஊரில் 13 பிள்ளைகளை வீட்டுக்குள் அடைச்சு, பெரும்பாலோரைப் பட்டினி போட்டு, சிலரைச் சங்கிலியில் கட்டி வெச்சிருந்த பெற்றோர் பிடிபட்டாங்க. அந்த வீடு தனியார் பள்ளின்னு முறையா பதிவாகியிருந்தது. உள்ளே வந்து பார்க்கத்தான் ஆளில்லை. 17 வயசு மகள் ஜன்னல் வழியாத் தப்பிச்சு வந்து சொன்ன பிறகுதான் ஊருக்கே தெரிஞ்சது. காகிதம் மட்டும் போதாது, பிள்ளையை நேரில் பார்க்கணும்.

தனித்தேர்வர்:
நான் வீட்டில் படிச்சவன். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது எழுத 14 வயசு ஆகணும். இங்கே எட்டாவது தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை. அதுவரை நான் படிச்சேன்னு சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட என்னிடம் இல்லை. பதினோரு வயசில் வீட்டு நிலைமை மாறி ஒரு பள்ளிக்குப் போனோம். டிசி இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. வயசுக்கேத்த வகுப்பில் சேர்க்கணும்னு கல்வி உரிமைச் சட்டத்தில் 4வது பிரிவு இருப்பது அப்பாவுக்கும் தெரியாது, அவங்களும் சொல்லலை. என் பேர் எங்கேயாவது பதிவாகியிருந்தா அன்னைக்குக் கைகொடுத்திருக்கும். பதிவு வேணும். ஆனா எதை, எந்த வயசில், எப்படிப் படிக்கணும்னு முடிவு பண்ற உரிமை அதோட சேர்ந்து போயிடக் கூடாது.

கோவை அம்மா:
பேரைப் பதிவு பண்ண எனக்குத் தயக்கமில்லை தம்பி. வர்றவர் நாலாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டி "இந்தப் பக்கத்தை வாசி"ன்னா, இவன் பழையபடி மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துடுவான். அவர் "தேறலை"ன்னு எழுதிட்டுப் போயிடுவார். அப்புறம் நான் யாரிடம் போய்ச் சொல்றது சார்?

கரிசல் வாத்தியார்:
அப்படி எழுதுறவங்க எங்களில் உண்டு, மறுக்கலை. அதுக்காகப் பார்க்கவே வரக்கூடாதுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். அந்தப் பொண்ணை அந்த ஜூனில் ஆறாவதில் சேர்த்தோம். இப்போ எட்டாவது படிக்கா.