எந்த ஆஷ்டன்? ஊரைக் கண்டுபிடிக்க உதவி தேவை

என் கணவரின் அப்பா வழிக் குடும்பப் பெயர் ஆஷ்டன். ஊர்ப் பெயரிலிருந்து வந்ததுதான், எந்த ஊர் என்பதில்தான் சிக்கல். இங்கிலாந்தின் பழைய லங்காஷயர் கவுண்டிக்குள்ளேயே ஆஷ்டன்-அண்டர்-லைன், ஆஷ்டன்-இன்-மேக்கர்ஃபீல்ட் என்று குறைந்தது இரண்டு (இங்கிலாந்து முழுக்கத் தேடினால் தலை சுற்றும்).

தெரிந்தவரை மூத்தவர் அதே லங்காஷயரின் போல்ட்டனில் கைத்தறி நெசவாளி. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இதே கவுண்டியில் பிறந்தவரா என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்பதற்கு ஒரு ‘ஒய்’ (Y) மட்டும். பிறந்த ஊரையும் எழுத ஆரம்பித்த 1851க்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார். இறப்புச் சான்றிதழ் வாங்கினேன். அந்தக் காலத்துச் சான்றிதழில் பிறந்த ஊரே கிடையாது. பழைய தேவாலயப் பதிவுகளைத் தேடித் தரும் ஃப்ரீரெக் (FreeREG) தளத்தில் அதே பெயரில் ஞானஸ்நானப் பதிவுகள் பல, இவர் எது என்று பிரிக்க முடியவில்லை.

ஏழைகள் சட்டத்தின்கீழ், ஒருவர் எந்தத் தேவாலயப் பங்கைச் (பாரிஷ்) சேர்ந்தவர் என்று விசாரித்து எழுதிய பழைய தாள்கள் போல்ட்டனுக்கு எங்கே கிடைக்கும்?