ஒருவருக்கும் வராத நோய்க்கு ஊரடங்கு எதற்கு என்கிறார் என் மாமா

கேள்வி: மாந்தோப்புக்காரன், காவேரிப்பட்டணம்

வணக்கம். 2020 மே மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பச்சை மண்டலமாக, அதாவது கொரோனா தொற்று ஒருவருக்கும் பதிவாகாத பகுதியாக, இருந்த ஒரே மாவட்டம் கிருஷ்ணகிரி என்பது பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பருவத்தில் வண்டி கிடைக்காமல் எங்கள் பெங்களூரா மாங்காய்களில் பாதி தோப்பிலேயே பழுத்து விழுந்தன. அதைச் சொல்லிச் சொல்லி என் தாய்மாமன், இன்னொரு பெருந்தொற்று வந்தாலும் தாம் பொருட்படுத்தப் போவதில்லை என்கிறார். அவருக்கு என்ன பதில் கூறுவது?

பதில் 1: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், பென்னாகரம்

அந்த வெறுமையான கணக்குதான் நம்மை ஏமாற்றியது, தம்பி. கொரோனாவில் அறிகுறி தெரிய இரண்டு முதல் பதினான்கு நாட்கள் ஆகும்; அறிகுறி தோன்றுவதற்கு முன்பே அந்த மனிதர் பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். எனவே இன்று நாம் படிக்கும் எண்ணிக்கை சென்ற வாரத்தின் நிலைமையையே காட்டுகிறது. மூன்று நாட்களுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் தொற்று, தடுப்பார் இல்லாவிட்டால், ஒருவரிடமிருந்து முப்பது நாட்களில் 1,024 பேருக்குப் போய்விடும்.

2021 மே மாதத்தில் நான் பார்த்தவர்களில் பலர் ஏழைகளும் அல்லர், அறியாதவர்களும் அல்லர். "வெறும் சளிதான், அம்மா" என்று கஷாயம் குடித்துக்கொண்டு ஐந்தாறு நாட்களைக் கடத்தியவர்கள். ஆக்சிஜன் அளவு 80க்கு இறங்கிய பிறகும் மூச்சுத் திணறல் தெரியாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஒருவரை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பதில் 2: வரலாற்று ஆசிரியர், ஓசூர்

1918ஆம் ஆண்டு இன்ஃபுளூயன்சாவின் முதல் அலை ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகம் வழியாக நாட்டுக்குள் வந்தது. அது ஓரளவு லேசாகக் கடந்துபோனது; செப்டம்பரில் தொடங்கிய இரண்டாவது அலைதான் ஒரு கோடிக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கொன்றது. அதே செப்டம்பர் 28 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில், நோய் பரவுவது தெரிந்திருந்தும், போர்க்கடன் பத்திர விற்பனைக்காக மாபெரும் ஊர்வலம் நடத்தினார்கள். சில நாட்களிலேயே மருத்துவமனைகள் நிரம்பின. பள்ளிகளையும் திரையரங்குகளையும் விரைந்து மூடிய செயின்ட் லூயிஸ் நகரில் இறப்பு விகிதம் அதைவிட மிகக் குறைவு.

பதில் 3: மண்டி கணக்காளர், கிருஷ்ணகிரி

இவையெல்லாம் சரி. ஆனால் மாமாவின் இழப்பைப் பொய் என்று யாரும் பேச வேண்டாம். முன்னறிவிப்பின்றி அடைத்ததும், சரக்கு வண்டிகளுக்கு வழி செய்யத் தாமதித்ததும் நிர்வாகத்தின் குறைகள். அவற்றின் மீதுள்ள கோபத்தை நோயின் மீதான அலட்சியமாக அவர் மாற்றிக்கொண்டுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாந்தோப்புக்காரன்: மாமாவிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது பதிலுக்கு மட்டும் தலையசைத்தார். பிறகு, வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்திருந்தால் எந்த அளவில் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும் என்று செவிலியர் அம்மாவிடம் கேட்கச் சொன்னார்.

செவிலியர்: 94க்குக் கீழே இறங்கினால் காத்திருக்க வேண்டாம். விரலில் நகப்பூச்சு இருந்தால் அளவு தவறாகக் காட்டலாம். துடைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.