ஹாங்காங் இந்தியர்களின் குடியுரிமையும் நம் தோட்டத்துச் சிவப்பு அட்டையும்

கேள்வி (ஆசிரியை, சுங்கை சிப்புட்):
1997இல் பிரிட்டன் ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைத்தபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த இந்தியர்கள் எந்த நாட்டவர் ஆனார்கள்? பிரிட்டிஷ் கடப்பிதழ் வைத்திருந்தும் அவர்களால் பிரிட்டனில் குடியேற முடியவில்லை என்று படித்தேன். மலேசியாவில் எங்கள் தோட்டத்தில் இன்றும் சிவப்பு அடையாள அட்டையோடு (நிரந்தரமாக வசிக்கலாம், ஆனால் குடியுரிமை இல்லை என்பதைக் காட்டும் அட்டை) வாழும் பாட்டிமாரைப் பார்க்கும்போது, இதைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது.

பதில் (ஓய்வுபெற்ற வழக்கறிஞர், ஈப்போ):
ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். 1987 முதல் ஹாங்காங் மக்களுக்குத் தரப்பட்ட பி.என்.ஓ. (பிரிட்டிஷ் நேஷனல் ஓவர்சீஸ்) தகுதி, கடப்பிதழ் எடுக்க உதவியதே தவிர, பிரிட்டனில் வாழும் உரிமையைத் தரவில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கும் அது சேராது. சீன வம்சாவளியினரைச் சீனா தன் குடிமக்களாக ஏற்றுக்கொண்டதால் அவர்களுக்கு ஒரு நாடு இருந்தது. வேறு குடியுரிமை இல்லாத இந்தியர்களுக்கோ ஹாங்காங்கில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை இருந்தும், 'நீ எங்கள் குடிமகன்' என்று சொல்ல எந்த நாடும் இல்லை. நாடற்றவராகிவிடக் கூடியவர்களுக்குக் கடல்கடந்த பிரிட்டிஷ் குடிமகன் என்ற தகுதி கிடைத்தது. அதிலும் பிரிட்டனில் குடியேறும் உரிமை இல்லை. அச்சமூகத்தினர் பல ஆண்டுகள் விடாமல் வாதாடியதன் பயனாக, ஒப்படைப்புக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், 1997 பிப்ரவரி 4க்கு முன் ஹாங்காங்கில் வாழ்ந்துவந்த, வேறு குடியுரிமை இல்லாத சிறுபான்மையினர் முழு பிரிட்டிஷ் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கடைசி நேரத்தில் வந்தாலும், பிரிட்டன் செய்தே ஆகவேண்டிய கடமை அது.

பதில் (பட்டர்வொர்த்):
ஐயா சொன்னதோடு நம் கதையையும் சேர்க்கிறேன். பினாங்கும் மலாக்காவும் பிரிட்டனின் நேரடிக் காலனிகளாக இருந்ததால், அங்கே பிறந்தவர்கள் 1957இல் நாடு விடுதலை பெற்ற பிறகும் 'பிரிட்டன் மற்றும் காலனிகளின் குடிமக்கள்' என்ற தகுதியை இழக்கவில்லை. பேராக் மலாய் ஆட்சியாளரின் கீழ், பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்த மாநிலம். அங்கே பிறந்த தோட்டப் பிள்ளைக்கு அந்தத் தகுதி இல்லை. மெர்டேக்காவுக்குப் (விடுதலைக்குப்) பின் ஓராண்டுக்குள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்களுக்கு மலாய் மொழித் தேர்விலிருந்து விலக்கு இருந்தது. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எழுதப்படிக்கத் தெரியாமல் இருந்த பலர் அந்த ஓராண்டைத் தவறவிட்டார்கள். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதி பெற வேண்டியதாயிற்று. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். தங்கிவிட்டவர்களில் பலர் கையில் சிவப்பு அட்டைதான். ஹாங்காங்கினருக்காக லண்டன் வரை சென்று பேச ஆள் இருந்தது. நம் தோட்டத்து மக்களுக்கு அப்படிப் பேச ஆள் போதவில்லை என்பதே என் மனக்குறை.

அறுபது வயதைக் கடந்த சிவப்பு அட்டை இந்தியர்களுக்குக் குடியுரிமை தருவதாக 2018இல் அரசு அறிவித்தது. ஆசிரியை அவர்களே, அந்தப் பாட்டிமார் விண்ணப்பித்தார்களா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் பிறப்புப் பத்திரத்தையும் பழைய தோட்ட வேலைப் பதிவுகளையும் தேடி எடுத்துக்கொண்டு, தேசியப் பதிவிலாகாவுக்கு நீங்களே உடன் செல்லுங்கள்.